நாய்க்குட்டி எங்கே எடுப்பது? திருகோணமலையில் என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் வீட்டு விறாந்தையில் மூன்று நாய்கள் படுத்திருக்கின்றன. ஒன்று காசு கொடுத்து வாங்கியது. ஒன்று காப்பகத்திலிருந்து வந்தது. மூன்றாவது, கனடாவுக்குப் போன ஒரு குடும்பம் விட்டுச்சென்ற கிழட்டு லப்ரடோர். இதனால் நாய் வளர்க்கும் ஆசை வந்தவர்கள் சந்தையில் கண்டாலும் சாவீட்டில் கண்டாலும் என்னை நிறுத்திக் கேட்கிறார்கள். நான் மிருக வைத்தியர் இல்லை. தடுப்பூசி போடும் நாட்களில் நாய்களைப் பிடித்துக்கொடுக்கப் போகிறவன், அவ்வளவுதான். ஒரே பதிலைத் திரும்பத் திரும்பச் சொல்லிக் களைத்துப்போய், கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளை எழுதி வைத்திருக்கிறேன்.

பிரீடர், ஷெல்டர், ரெஸ்கியூ எண்டு மூண்டு பேர் சொல்றாங்கள். எல்லாம் நாய் குடுக்கிற இடம்தானே, என்ன வித்தியாசம்?

பிரீடர் என்பவர் ஒரு இனத்துக் கடுவனையும் பெட்டையையும் சேர்த்துக் குட்டி எடுத்து விற்பவர். இதில் அந்த இனத்தின் மேல் உயிரையே வைத்திருப்பவரும் உண்டு. பின்வளவில் ஒரு பெட்டையைக் கட்டிவைத்து, அது வேட்கைக்கு வரும்போதெல்லாம் குட்டி எடுத்து விற்பவரும் உண்டு. இரண்டு பேரையும் நாங்கள் ஒரே பெயரால்தான் கூப்பிடுகிறோம். குழப்பத்தில் பாதி அங்கேயே தொடங்கிவிடுகிறது.

ஷெல்டர் என்பது காப்பகம். தெருவில் அடிபட்டது, கைவிடப்பட்டது எல்லாவற்றையும் ஓர் இடத்தில் வைத்துப் பார்த்து, வீடு கிடைத்தால் கொடுப்பார்கள். இயக்கச்சியில் இருக்கும் சிவபூமி நாய்கள் சரணாலயத்தைப் பற்றிப் பலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். கொழும்புப் பக்கம் 2007இல் தொடங்கிய எம்பார்க் அமைப்பும் நாய்களைத் தத்துக் கொடுக்கிறது. ரெஸ்கியூ என்பவர்களுக்குப் பெரும்பாலும் கட்டடம் இருக்காது. தங்கள் வீடுகளிலேயே நாய்களை வைத்துத் தேற்றிக் கொடுப்பார்கள். அதிலும் ஒரே இனத்தை மட்டும் எடுப்பவர்கள் இனவாரி மீட்புக் குழு. பிரித்தானியாவிலும் அமெரிக்காவிலும் அநேகமாக எல்லாப் பிரபலமான இனத்துக்கும் அப்படி ஒரு குழு உண்டு. நம் பக்கத்துக் கதை வேறு, அதைப் பின்னால் சொல்கிறேன்.

சரி, எது நல்லம்? ஒரே சொல்லில சொல்லுங்கோவன்.

ஒரே சொல்லில் முடியாது. இரண்டு கேள்வியில் முடியும். யாரிடம் போனாலும் இவற்றைக் கேளுங்கள். ஒன்று, "இதின்ர தாயைக் காட்டுவீங்களா?" இரண்டு, "சரிவராட்டி நீங்களே திரும்ப எடுப்பீங்களா?"

முதல் கேள்விக்குக் காப்பகத்தில் பதில் இல்லாமல் போகலாம், தெருவில் கிடந்த குட்டிக்குத் தாயை எங்கே தேடுவது? அப்போது எங்கே கிடைத்தது, எத்தனை நாளாக வைத்திருக்கிறார்கள், என்ன மருந்து கொடுத்தார்கள் என்று சொல்லத் தெரிய வேண்டும். இரண்டாவது கேள்விக்கு யாருக்கும் விலக்கு இல்லை. தன் கையால் கொடுத்த நாயைத் திரும்ப எடுக்க மாட்டேன் என்கிறவர் லட்ச ரூபாய்க்கு விற்றாலும் சும்மா தந்தாலும் எனக்கு ஒன்றுதான்.

சாதி நாய்க்குத்தானே புத்தி கூட? ஊர் நாய் களவெடுக்கும் எண்டு அம்மம்மா சொல்லுவா.

சாதி நாய் என்ற சொல்லே எனக்குப் பிடிப்பதில்லை. மனிசருக்குள் அந்தச் சொல்லை வைத்துப் பட்டது போதாதா? இருந்தாலும் ஊரில் எல்லோரும் அப்படித்தான் சொல்கிறார்கள். அதனால் விஷயத்துக்கு வருவோம்.

இனம் என்பது ஒரு வேலைக்காகப் பல தலைமுறை தெரிந்தெடுத்து வளர்த்ததன் விளைவு. லப்ரடோர் சுட்ட பறவையை வாயில் கௌவிக்கொண்டு வர வளர்க்கப்பட்டது, அதனால் உங்கள் செருப்பையும் கௌவும். டாஷ்ஹவுண்ட் வளைக்குள் புகுந்து மிருகம் பிடிக்க வளர்க்கப்பட்டது, அதனால் வளவு முழுக்கக் கிண்டும், கோழிக்கூட்டையும் ஒரு கண் பார்க்கும். இனத்தைத் தெரிந்து வாங்கினால் எது வரப்போகிறது என்று ஓரளவு முன்கூட்டியே தெரியும். பிரீடரிடம் போவதன் உண்மையான லாபம் அது ஒன்றுதான். அதே தெரிவு நோயையும் கூடவே கொண்டுவரும். லப்ரடோர், ஜெர்மன் ஷெப்பர்ட், ரொட்வைலர் மூன்றுக்கும் இடுப்பு மூட்டுக் கோளாறு, டாஷ்ஹவுண்டுக்கு முதுகெலும்புத் தட்டு விலகல்.

ஊர் நாயை யாரும் ஒரு வேலைக்கென்று வடிவமைக்கவில்லை, வெயிலும் பசியும் வீதியும்தான் வடிவமைத்தன. கட்டை மயிர், நடுத்தர உடம்பு, கூர்மையான காது. களவெடுப்பது பசியால். மூன்று வேளையும் சாப்பாடு கிடைத்த பிறகும் எங்கள் வீட்டில் களவெடுப்பது லப்ரடோர்தான்.

எங்கட வெயிலுக்கு எது தாங்கும்? மகள் ஹஸ்கி வேணும் எண்டு நிக்கிறாள்.

மகளைக் கச்சான் காற்று அடிக்கிற நாளில் மத்தியானம் ஒரு மணிக்குக் கம்பளிச் சட்டை போட்டு உப்புவெளிக் கடற்கரையில் நிற்கச் சொல்லிப் பாருங்கள். ஹஸ்கிக்கு இரட்டை மயிர்ப் போர்வை. அதை மழித்துவிட்டால் சரி என்றும் சிலர் சொல்கிறார்கள். மழித்தால் தோல் வெயிலில் நேராகக் காயும், மயிரும் பழையபடி ஒழுங்காக வளராமல் போகலாம். ஏசி இருக்கிறது என்பவர்களுக்கு 2022 பங்குனிக் கடைசியில் 13 மணி நேரம் மின்சாரம் இல்லாமல் இருந்ததை ஞாபகப்படுத்துகிறேன்.

பக், புல்டோக் போன்ற சப்பை மூக்கு நாய்களும் நமக்குச் சரிவராது. நாய் உடம்பைக் குளிரவைப்பதே இளைத்து மூச்சு விட்டுத்தான். மூக்கே அடைந்திருந்தால் எதனால் இளைப்பது? கட்டை மயிரும் நீட்டு மூக்கும் உள்ள எதுவும் பரவாயில்லை. ஊர் நாய்க்கு இதில் முதலிடம்.

நல்ல பிரீடர் எண்டு எப்பிடிக் கண்டுபிடிக்கிறது? எல்லாரும் நல்லாத்தானே கதைக்கினம்.

கதையைக் கேட்காதீர்கள், வளவைப் பாருங்கள். சொல்லாமல் போக முடியாவிட்டாலும், போனதும் குட்டிகள் பிறந்து வளர்ந்த இடத்தைக் காட்டச் சொல்லுங்கள். குட்டியைத் தூக்கிக்கொண்டு கேற்றடிக்கு வந்து, "இஞ்ச வச்சே பாருங்கோ" என்றால் உள்ளே காட்டக்கூடாத ஏதோ இருக்கிறது. பீ நாற்றம், தண்ணிச் சட்டியில் பாசி, காதுக்குள் உண்ணி மாலைபோலக் கோத்திருப்பது, இதெல்லாம் வாயால் சொல்ல வேண்டியதில்லை.

தாயைப் பாருங்கள். மெலிந்திருப்பது குற்றமில்லை, ஆறு ஏழு குட்டிக்குப் பால் கொடுத்தால் யாரும் மெலிவார்கள். ஆனால் அந்நியரைக் கண்டு மூலையில் நடுங்குகிறதா, சீறுகிறதா, இல்லை கொஞ்சம் உறுமிவிட்டு வந்து மணந்து பார்க்கிறதா? குட்டியின் குணத்தில் பாதி அங்கே தெரிந்துவிடும். வயது என்ன, இது எத்தனையாவது ஈற்று, தகப்பன் யார், இரண்டுக்கும் என்ன உறவு என்று கேளுங்கள். நம் நாட்டில் சில இனங்கள் எண்ணிக்கையில் குறைவு. அதனால் அண்ணன் தங்கச்சியையே சேர்த்துவிடுகிறவர்கள் உண்டு, அதைப் பெருமையாகவும் சொல்வார்கள். பெரிய இனமென்றால் தாய் தகப்பனின் இடுப்பு எக்ஸ்ரே கேளுங்கள். பெரும்பாலும் இருக்காது. ஆனால் அந்தக் கேள்விக்கு அவர் முகம் போகிற போக்கே ஒரு பதில்.

கையில் தடுப்பூசி அட்டை இருக்க வேண்டும். அட்டையில் மருந்துப் போத்தலின் சிறு லேபல் ஒட்டி, திகதி போட்டு, மிருக வைத்தியரின் முத்திரையும் இருக்க வேண்டும். வெறும் பேனாவால் "ஊசி போட்டது" என்று எழுதியிருந்தால் அது அட்டை இல்லை, கடிதம். பூச்சி மருந்து இரண்டு கிழமை வயதிலிருந்து இரண்டு கிழமைக்கு ஒருதரம் கொடுத்திருக்க வேண்டும்.

கடைசியாக ஒன்று. நல்ல பிரீடர் உங்களிடம் கேள்வி கேட்பார். எப்போது போன் எடுத்தாலும் "என்ன இனம் வேணும், எல்லாம் இருக்கு" என்கிறவர் கடை நடத்துகிறார்.

"லயன் பொமேரியன்", "ஹெவி போன் லப்ரடோர்" எண்டெல்லாம் போடுறாங்கள். அது நல்ல ரகமா?

அது விலையின் ரகம். லயன் பொமேரியன் என்று தனி இனம் எந்தக் கெனல் கிளப், அதாவது நாய் இனங்களைப் பதிகிற சங்கத்தின், பட்டியலிலும் கிடையாது, கழுத்து மயிர் கொஞ்சம் கூடிய பொமேரியன், அவ்வளவுதான். "ஹெவி போன்" என்பதும் அப்படித்தான், எலும்பு தடித்த லப்ரடோர்.

பேப்பர் இருக்கு எண்டு சொல்றார். அப்ப பயமில்லைத்தானே?

சிலோன் கெனல் கிளப் போன்ற அமைப்பில் பதிந்த வம்சப் பத்திரம் என்றால், தாய் யார், தகப்பன் யார், அவற்றின் தாய் தகப்பன் யார் என்று சொல்லும். அது வம்சத்துக்குச் சாட்சி, சுகத்துக்கு இல்லை. இடுப்பு உடைந்த நாய்க்கும் பத்திரம் இருக்கலாம். ஒரு பயன் உண்டு: மேலே சொன்ன அண்ணன் தங்கச்சி விவகாரத்தைப் பத்திரத்தில் கண்டுபிடிக்கலாம், இரண்டு பக்கமும் ஒரே பாட்டன் பெயர் வந்தால் யோசியுங்கள்.

தாயின் பத்திரத்தைப் போட்டோக்கொப்பி எடுத்துத் தருவது குட்டியின் பத்திரம் ஆகாது. "பேப்பர் பிறகு வரும்" என்றால் காசில் ஒரு பங்கும் பிறகு வரும் என்று சொல்லுங்கள்.

குட்டிக்கு 35 நாள். சோறு தின்னுது, எடுத்துக்கொண்டு போங்கோ எண்டு சொல்றார். எடுக்கலாமா?

வேண்டாம். குறைந்தது 8 கிழமை தாயோடும் கூடப்பிறந்ததுகளோடும் இருக்க வேண்டும். சோறு தின்பது வயிற்றின் கணக்கு. கடித்தால் மற்றதுக்கு நோகும், அளவோடு கடிக்க வேண்டும் என்பதைக் குட்டி ஐந்தாம் கிழமைக்கும் எட்டாம் கிழமைக்கும் இடையில் கூடப்பிறந்ததுகளோடு விளையாடித்தான் படிக்கிறது. முதலே பிரித்துவிட்டால் அந்தப் பாடத்தை உங்கள் பிள்ளையின் கையில் படிக்கும்.

நான் முதன்முதலில் வாங்கிய குட்டி இப்படித்தான் வந்தது. ஐந்து கிழமை வயது, லப்ரடோர் என்று சொன்னார்கள், தாயைக் கேட்டபோது "மாமா வீட்டில நிக்குது" என்றார்கள். நானும் நம்பினேன், குட்டியின் முகத்தைப் பார்த்தவன் வேறு எதைப் பார்ப்பான்? ஐந்தாம் நாள் சாப்பிடவில்லை. ஆறாம் நாள் சத்தி, பிறகு இரத்தத்தோடு வயிற்றோட்டம். பார்வோ என்கிற தொற்றுநோய். சேலைன் ஏற்றியும் எட்டாம் நாள் விடிய முடிந்துவிட்டது. நோயின் அடைகாலம் பெரும்பாலும் 3 முதல் 7 நாள் என்பதால் அங்கிருந்தே கொண்டுவந்ததா, வந்த வழியில் பிடித்ததா என்று சண்டை பிடிக்கவும் முடியவில்லை. விற்றவர் அதற்குப் பிறகு போன் எடுக்கவில்லை.

இதில் பலர் தெரியாமல் விடுவது: அந்தக் கிருமி மண்ணில் மாதக்கணக்கில், சாதகமான இடத்தில் ஒரு வருடம் வரைகூட உயிரோடு இருக்கும். குட்டி செத்த வளவுக்கு அடுத்த மாதமே புதுக் குட்டி கொண்டுவராதீர்கள். சீமெந்துத் தரையை ப்ளீச் கரைசலால் கழுவலாம், மண்ணை என்ன செய்வது? ஊசி முடித்த வளர்ந்த நாய் என்றால் பயம் குறைவு. குட்டிகளுக்கு 6 முதல் 8 கிழமையில் தொடங்கி, 2 முதல் 4 கிழமைக்கு ஒருதரம், 16 கிழமை தாண்டும் வரை தொடர்ந்து போட வேண்டும். ஏன் இத்தனை தரம் என்றால், தாய்ப்பாலில் வந்த எதிர்ப்புச்சக்தி ஊசியை வேலைசெய்ய விடாது, அது எந்தக் கிழமையில் தீரும் என்று குட்டிக்குக் குட்டி வேறுபடும்.

கொழும்பில இருந்து வானில அனுப்பி விடுறன், முதல் பாதிக் காசு போடுங்கோ எண்டு சொல்றார்.

போடாதீர்கள். தாயையும் காணவில்லை, வளவையும் காணவில்லை, சில வேளை குட்டியே கிடையாது, இணையத்தில் எடுத்த படம்தான் உண்டு. அந்த நேரமே வீடியோ அழைப்பில் குட்டியைத் தாயோடு காட்டச் சொல்லுங்கள். நெட்வேர்க் சரியில்லை என்பார்.

உண்மையான ஆள் என்று தெரிந்தால் நீங்களே போய் எடுங்கள். கொழும்பிலிருந்து ஏறத்தாழ 260 கிலோமீற்றர். இரவில் புறப்பட்டால் வெயில் இல்லை, ஹபரணையில் நிறுத்தித் தண்ணி கொடுக்கலாம். நிறுத்துகிற இடங்களில் குட்டியை நிலத்தில் இறக்காதீர்கள். காரணம் மேலே பார்வோக் கதையில் இருக்கிறது.

ஷெல்டர் நாய்க்கு வருத்தம் இருக்காதா? சொறி, உண்ணி எல்லாம் வீட்டுக்கு வந்திடும்.

இருக்கலாம். மறைக்கப் பெரிதாக ஒன்றும் இல்லாததால் பெரும்பாலும் அவர்களே சொல்லிவிடுவார்கள். சொறியும் உண்ணியும் பார்த்தால் தெரியும், மருந்துக்குப் போகும். பார்த்தால் தெரியாத உண்ணிக் காய்ச்சலைத்தான் கவனிக்க வேண்டும். நம் சூட்டுக்கு உண்ணி வருடம் முழுக்க இருக்கும், அது கடத்துகிற கிருமி இரத்தத்தில் பதுங்கிக் கிடக்கும். பல் முரசு வெளிறுவது, சாப்பிடாமல் படுப்பது, மூத்திரம் கறுப்புத் தேத்தண்ணி நிறத்தில் போவது இவற்றைக் கண்டால் அன்றைக்கே மிருக வைத்தியரிடம் போங்கள். எடுத்த முதல் கிழமையே ஓர் இரத்தப் பரிசோதனை செய்வது நல்லம். இதைக் காசு கொடுத்து வாங்கிய நாய்க்கும் செய்யுங்கள், உண்ணி பேப்பர் பார்த்துக் கடிப்பதில்லை.

விசர்நாய்த் தடுப்பூசியை அரசாங்கம் நாய்களுக்கு இலவசமாகவே போடுகிறது. எங்கிருந்து எடுத்த நாயென்றாலும் வருடாவருடம் போட்டு அட்டையைப் பத்திரமாக வையுங்கள். நாய்களைப் பதிய வேண்டும் என்ற சட்டம் 1901 இலிருந்தே இருக்கிறது. பதியப் போனால் அந்த அட்டையைத்தான் கேட்பார்கள்.

சும்மா குடுக்கிற நாய்க்கு ஏன் இவ்வளவு கேள்வி? பொம்பிளை குடுக்கிற மாதிரி வீடு வாசல் எல்லாம் விசாரிக்கினம்.

பொம்பிளை கொடுப்பதைவிடக் கவனமாகத்தான் விசாரிப்பார்கள், நாய் திரும்பி வந்து தாய் வீட்டில் அழாதே! மதில் இருக்கிறதா, வாடகை வீடா, பகலில் யார் நிற்பார்கள், வெளிநாடு போக இருக்கிறீர்களா. இந்தக் கேள்விகளுக்கு அவமானப்படாதீர்கள். ஒருதரம் தெருவில் கிடந்ததை இரண்டாம் தரமும் தெருவில் காண அவர்களுக்கு மனம் இல்லை.

காசு கேட்டாலும் கோபிக்க வேண்டாம். அது பெரும்பாலும் ஊசிக்கும் கருத்தடைக்கும் போன செலவின் ஒரு பங்கு. எதுவும் கேட்காமல் "இந்தாங்கோ, கொண்டு போங்கோ" என்று கயிற்றைக் கையில் தருகிற காப்பகத்தைத்தான் சந்தேகிக்க வேண்டும். அங்கே நாய்கள் அளவுக்கு மிஞ்சிவிட்டன என்று அர்த்தம்.

லப்ரடோர்தான் வேணும், ஆனா காசு குடுத்து வாங்க விருப்பமில்லை. அந்த இன ரெஸ்கியூ எங்க இருக்கு?

திருகோணமலையில் அந்த வேலை பெயர்ப்பலகை இல்லாமல் நடக்கிறது. விசா வந்துவிடும், வீட்டை விற்பார்கள், நகையைப் பிரிப்பார்கள், கடைசிக் கிழமையில்தான் நாய் ஞாபகத்துக்கு வரும். ஐரோப்பாவுக்கோ பிரித்தானியாவுக்கோ இங்கிருந்து நாய் கொண்டுபோவதென்றால் விசர்நாய் ஊசி போட்டு 30 நாளின் பின் இரத்தம் எடுத்துச் சோதித்து, அதற்குப் பிறகும் மூன்று மாதம் காத்திருக்க வேண்டும். கடைசிக் கிழமையில் நினைத்தால் நடக்குமா? அப்படி நின்றுபோகிற ஷெப்பர்ட்டுகளும் லப்ரடோர்களும் ஒவ்வொரு வருடமும் என் காதுக்கு வருகின்றன.

மிருக வைத்தியரிடம் உங்கள் பெயரையும் என்ன நாய் வேண்டும் என்பதையும் சொல்லி வையுங்கள். இந்தத் தகவல் முதலில் போய்ச்சேரும் இடம் அவர்தான். எடுக்கும்போது பழைய வீட்டுக்கு இரண்டு தரமாவது போங்கள். என்ன பெயர், எதற்குப் பயம், யாரையாவது கடித்ததா, என்ன சாப்பிடும், எல்லாம் அங்கே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். இரண்டு கேள்விகளில் திரும்ப எடுக்கிற கேள்வி இங்கே அடிபட்டுப் போகும், அவர்கள் விமானம் ஏறிவிடுவார்கள். அதனால் ஊரில் நிற்கும் சொந்தக்காரர் ஒருவரையாவது பொறுப்பாகக் கேட்டு வையுங்கள். எங்கள் கிழவன் வந்து மூன்று மாதம் கேற்றைப் பார்த்தபடியே படுத்திருந்தான்.

அப்பிடி வளர்ந்த நாய் எடுத்தா எங்களோட சேருமா? குட்டியில இருந்து வளர்த்தாத்தானே விசுவாசம்?

சேரும். கேற்றைப் பார்த்துக்கொண்டிருந்த அதே நாய் இப்போது நான் கடைக்குப் போனால் கேற்றைப் பார்க்கிறது. முதல் சில நாள் ஒளிந்துகொள்ளும், சாப்பிடாது. சில கிழமையில் வீட்டு ஒழுங்கு பிடிபடும். உண்மையான குணம் வெளியே வர மூன்று மாதமாவது எடுக்கும், சேட்டைகளும் அப்போதுதான் வரும். தீபாவளிக்கோ வருடப் பிறப்புக்கோ முதல் நாள் மட்டும் கொண்டுவராதீர்கள், வெடிச் சத்தத்தில் மதில் பாய்ந்து ஓடினால் திரும்பிவர அதற்கு உங்கள் வீடு தெரியாது.

வேலைக்குப் போகிற கணவன் மனைவிக்கும் வயதுபோனவர்களுக்கும் நான் குட்டி எடுக்கச் சொல்வதேயில்லை. குட்டி என்பது இரவில் அழுகிற, இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருதரம் மூத்திரம் பெய்கிற வேலை.

நிலாவெளிக் கடற்கரையில ஒரு நாய் எனக்குப் பின்னாலயே வருது. அதைக் கூட்டிக்கொண்டு வரலாமா?

முதலில் அது யாருடையது என்று விசாரியுங்கள். கரைவலை இழுக்கிற வாடியில், விடுதிக் குசினி வாசலில், ஏதோ ஒரு தேத்தண்ணிக் கடையில் அதற்கு ஒரு பெயரும் ஒரு வேளைச் சாப்பாடும் இருக்கக்கூடும். காதில் சின்ன வெட்டு இருந்தால் கருத்தடை செய்து விடப்பட்டது என்று அர்த்தம். 2006இல் தெருநாய்களைக் கொல்வதை நிறுத்தியதிலிருந்து பிடித்து, கருத்தடை செய்து, ஊசி போட்டு, அதே இடத்தில் விடுவதுதான் முறை. கடற்கரையில் சுதந்திரமாகத் திரிந்த நாயைப் பத்துப் பேர்ச் வளவில் கட்டினால் அது குரைத்தே ஊரைக் கூட்டும். எல்லாக் கட்டாக்காலியும் வீட்டுக்கு ஏங்கிக்கொண்டிருப்பதில்லை.

யாரும் இல்லை, மெலிந்து நோயோடு நிற்கிறது என்றால் கொண்டுவாருங்கள். தூக்கும்போது பல் பட்டுவிட்டால், சின்னக் கீறலென்றாலும், சவர்க்காரம் போட்டு ஓடுகிற தண்ணியில் 15 நிமிடம் கழுவி, அன்றைக்கே அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மஞ்சளும் கோப்பித் தூளும் அப்பிக்கொண்டு வீட்டில் இருக்காதீர்கள்.

பெட்டை நாய் வேண்டாம் எண்டு வீட்டில நிக்கினம். கடுவன் கிடைக்குமட்டும் பொறுக்கவா?

இந்த எண்ணத்தால்தான் சந்தையடியில் பையில் கட்டிக் கிடக்கிறதெல்லாம் பெட்டைக் குட்டியாக இருக்கிறது. பெட்டையின் குறை என்று சொல்வதெல்லாம் வருடத்தில் இரண்டு தரம், தரத்துக்கு மூன்று கிழமை வருகிற வேட்கைதான். கருத்தடைச் சத்திரசிகிச்சை ஒன்றோடு அது முடிந்துவிடும், கர்ப்பப்பையில் சீழ் பிடிக்கும் ஆபத்தும் அதோடு போய்விடும். காவலுக்குக் குறைவா என்றால் இல்லை. எங்கள் வீட்டில் மீன்காரர் பயப்படுவது பெட்டைக்குத்தான்.

பக்கத்து வீடு முஸ்லிம் ஆக்கள். நல்ல சனம். நாய் எடுத்தா மனஸ்தாபம் வருமோ?

எடுப்பதற்கு முன் போய்ச் சொல்லுங்கள், பாதிப் பிரச்சினை அங்கேயே தீரும். நம் பக்கத்து முஸ்லிம்கள் பின்பற்றும் ஷாஃபி முறையில் நாயின் எச்சில் பட்டால் ஏழு தரம் கழுவ வேண்டும், அதில் ஒரு தரம் மண் கலந்த தண்ணியால். தொழுகைக்குப் புறப்பட்டவர் மேல் உங்கள் நாய் பாய்ந்து நக்கினால் அவருக்கு அது எவ்வளவு சிரமம் என்று யோசியுங்கள். ஆகவே முதலில் வேலி, பிறகு நாய். ஆளைக் கண்டால் பாய்கிற குட்டியைவிட, குணம் தெரிந்த, அமைதியான வளர்ந்த நாய் இந்த வீட்டுக்குப் பொருத்தம். காப்பகத்தில் அதைக் கேட்டே எடுக்கலாம்.

பிரட்றிக் கோட்டைப் பக்கம் இருப்பவர்களுக்கும் இதே வேலி அறிவுரைதான், அங்கே காரணம் மான். நகருக்குள் திரியும் புள்ளிமானைத் துரத்திக் கடித்துப் பழகிய நாயை மறக்கடிப்பது பெரும்பாடு.

வைரவரின்ர வாகனத்தைக் காசுக்கு விக்கிறதும் வாங்குறதும் பாவமில்லையா? தெருவில இவ்வளவு நாய் நிக்க, நான் வாங்கினா துரோகம்தானே?

என் பதில் எல்லோருக்கும் பிடிக்காது. துரோகம் இல்லை. கண் தெரியாதவருக்கு வழிகாட்டவோ, குழந்தைகள் நிறைந்த வீட்டுக்குக் குணம் தெரிந்த நாயாகவோ வேண்டுமென்றால் ஒழுங்கான பிரீடரிடம் வாங்குவதில் நியாயம் இருக்கிறது. அப்படிப்பட்டவர் தன் குட்டி தெருவுக்குப் போக விடமாட்டார். ஆனால் கேற்றுக்குப் பின்னால் நின்று குரைக்க ஒரு நாய்தான் தேவை, அதற்கு ரொட்வைலர் வேண்டும் என்றால் நீங்கள் வாங்குவது நாயில்லை, அயலுக்குக் காட்ட ஒரு பொருள்.

அந்த வளவு சரியான மோசம், குட்டியள் பாவம். ஒண்டையாவது வாங்கிக் காப்பாத்தினா என்ன?

மனசை வதைக்கிற கேள்வி. நானே ஒருதரம் செய்யப் பார்த்தேன். நீங்கள் குட்டியைக் காப்பாற்றுகிறீர்கள், விற்பவரின் கணக்கில் ஒரு குட்டி விலைப்பட்டது, அவ்வளவுதான். தாய் அங்கேயே கட்டிக் கிடக்கும். நாயின் கர்ப்ப காலம் 63 நாள், அடுத்த வேட்கைக்கு அடுத்த ஈற்று.

காசு கொடுக்காமல் செய்யக்கூடியது உண்டு. வளவைக் கண்டபடி எழுதி, படம் இருந்தால் படத்தோடு, பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கும் அரச கால்நடை வைத்தியர் அலுவலகத்துக்கும் கொடுங்கள். தாயைக் கருத்தடைக்கு விட்டுத்தந்தால் செலவை நாங்கள் பார்க்கிறோம் என்று பேசிப் பாருங்கள். ஒரு இடத்தில் எங்களுக்கு அது பலித்தது, இரண்டு இடத்தில் கேற்றை அடித்துச் சாத்தினார்கள்.

எங்கட பெட்டைக்கு ஒருக்காவாவது குட்டி போட விடவேணும், அப்பத்தான் உடம்புக்கு நல்லம் எண்டு சொல்றாங்களே?

உடம்புக்கு அப்படி ஒரு நன்மையும் இல்லை. போட்டால் நீங்களும் பிரீடர் ஆகிவிட்டீர்கள், மேலே நல்ல பிரீடருக்கு எழுதியது முழுக்க இனி உங்களுக்கும்தான். ஏழு குட்டிக்கும் ஊசி, பூச்சி மருந்து, எட்டுக் கிழமைச் சாப்பாடு, ஏழு வீடு. "எனக்கொண்டு, எனக்கொண்டு" என்று முன்பே சொல்லி வைத்த சொந்தக்காரர் குட்டிக்குப் பல் முளைத்ததும் காணாமல் போவார்கள். பெட்டைக் குட்டிகள் நிச்சயம் மிஞ்சும்.

எடுத்தாச்சு. ரெண்டு மாதமாச்சு. சரிவரேல்லை. என்ன செய்யிறது?

முதலில் மிருக வைத்தியரிடம் காட்டுங்கள், நோவில் கடிக்கிற நாயைக் குணம் கெட்ட நாய் என்று நினைத்தவர்களை நிறையக் கண்டிருக்கிறேன். உடம்பில் ஒன்றும் இல்லையென்றால், எடுத்த இடத்துக்குத் திருப்பிக் கொடுங்கள். வெட்கப்பட வேண்டாம். கொடுக்கும்போது உண்மையைச் சொல்லுங்கள்: யாரைக் கடித்தது, எப்போது, எதற்கு. "இடமில்லை" என்று பொய் சொல்லிக் கொடுத்தால் அடுத்த வீட்டுப் பிள்ளைதான் அதை அனுபவிக்கும்.

திரும்ப எடுக்க மாட்டேன் என்கிறார்களா? அப்போது புது வீடு கிடைக்கும் வரை நாய் உங்கள் பொறுப்பு. ஊசி அட்டையோடும், கருத்தடை செய்தும், உண்ணி இல்லாமலும் ஒரு நாயைக் காட்டினால் எடுக்க ஆள் வரும், இரண்டு மூன்று மாதம் எடுக்கலாம். வருகிறவரிடம் காப்பகக்காரர் உங்களிடம் கேட்ட அதே கேள்விகளைக் கேளுங்கள். சாம்பல்தீவுப் பாலம் தாண்டிக் கொண்டுபோய் இறக்கிவிட்டால் வழி தெரியாது என்று நினைக்கிறவர்களுக்கு ஒரு தகவல்: எங்கள் மூன்றில் காப்பகத்திலிருந்து வந்தது, அதற்கு முன் அப்படி இறக்கிவிடப்பட்டு, நாலாம் நாள் பழைய வீட்டு வாசலில் போய் நின்றதுதான். கேற் திறக்கவில்லை.